முழுக்கு என்னும் சொல்

மார்கழித் திருவாதிரைக்கு முதல்நாள், உத்தரகோசமங்கை மரகதக் கூத்தரின் திருமேனியில் ஆண்டு முழுதும் காத்திருந்த சந்தனம் களையப்படுகிறது. திருமுழுக்கு நிகழ்ந்தபின் மீண்டும் சந்தனக் காப்பிடுவர். கிறித்தவத் தமிழில் ஞானஸ்நானம் என நெடுங்காலம் வழங்கிய சடங்கிற்கும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை (1962-65) அடுத்து, திருமுழுக்கு என்னும் இச்சொல்லே பெருவழக்காயிற்று. சொல்லால் வாழும் நம் வட்டத்தார்க்கு இஃது எண்ணத்தக்க செய்தியாகும்.

இங்கிலாந்துச் சிற்றூர்த் தேவாலயங்களில் இடைக்காலத்து ஞானஸ்நானக் கல்தொட்டிகள் பல இன்றும் நிலைபெற்றுள்ளன. அவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ஊற்று எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. நாம் கலத்தை நோக்கித் தொட்டி என்றோம். அவர்கள் நீரை நோக்கிப் பெயரிட்டனர். நார்போக், சபோக் மாவட்டங்களின் எண்கோணத் தொட்டிகளில் ஏழு முகங்கள் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களைச் சிற்பமாகக் காட்டுகின்றன. மந்திரித்த நீரை மாயவித்தைக்கெனக் களவாடுவோர்க்கு அஞ்சி, தொட்டிகளை மூடிப் பூட்டுமாறு கான்டர்பரிப் பேராயர் எட்மண்டு 1236இல் ஆணையிட்டார். நீருக்கும் பூட்டு வேண்டியிருந்த காலம் அது.

நம் கடற்கரையின் தொடக்கம் வேறுவகையானது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர் பல்லாயிரவர் கிறித்தவராயினர். 1542இல் வந்த சவேரியார், முழுக்களித்து முழுக்களித்துத் தம் கைகள் சோர்ந்தமையை 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் குறிக்கின்றார். கடலுள் மூழ்கி முத்தெடுத்தவர்க்கு ஒரு கையளவு நீர் புதுப்பெயர் தந்தது. அந்நிகழ்ச்சிக்குச் செதுக்கிய கல் தேவைப்படவில்லை.

மறவர் சீமையிலோ அந்நீர் உயிர்விலை கேட்டது. சேதுபதி மரபினரான தடியத் தேவர் 1693 சனவரி 6இல் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியோடு வாழ்தல் வேண்டும் என்பது நெறியாதலின், மூத்தவரை மட்டும் ஏற்று ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் மன்னரிடம் முறையிட்டார். அருளானந்தர் சிறைப்பட்டு, பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டப்பெற்றார். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

ஓரியூர்ச் செம்மணலை எடுத்துச் செல்வோர் தியாகியை நினைக்கின்றனர், அது தக்கதே. ஆயின் விலக்கப்பட்ட பெண்களை நினைப்பவர் யார்? அவர்கள் வரலாற்றில் பகையின் காரணமாக மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்தம் வாழ்வு பின்னர் எவ்வாறு கழிந்தது என எவரும் வினவுவதில்லை. உறவை அறவே விட்டொழித்தலைத் தலைமுழுகுதல் என்பது நம் வழக்கு. கணவர்க்கு ஞானமுழுக்காய் அமைந்த அதே நீர், அப்பெண்களுக்குத் தலைமுழுகலாய் முடிந்தது. தூய்மை, துறவு, கைவிடல் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லே ஏந்தி நிற்கின்றது.

ஆங்கிலேயர் தம் வரலாற்றைக் கல்லில் காத்தனர். நமக்கு அதனைச் சொல் காத்து வைத்துள்ளது. கல்தொட்டி சடங்கின் சிறப்பை மட்டுமே காட்டும். சொல்லோ சடங்கிற்கு அப்பால் நின்று அழுதவரையும் நினைவூட்டும். மரகதக் கூத்தர் ஊரில் திருமுழுக்கு என்று எழுதும் கவிஞர், ஓரியூரையும் அங்கு பெயரின்றிப் போன பெண்களையும் அச்சொல்லில் கேட்பாராக. தொட்டிக்குப் பூட்டிடலாம், சொல்லுக்குப் பூட்டில்லை.