தில்லியில் இரண்டு நாள்: ஒரு பழைய கடன்

வருகிற பிப்ரவரியில் நானும் என் மனைவியும் தில்லிக்குப் போகிறோம். இரண்டே நாள்தான். வியாழக்கிழமை இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலை தில்லி. ஞாயிறு இரவு திரும்பல். டிசம்பர், ஜனவரி என்றால் மூடுபனியில் வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பிப்ரவரி.

"இவ்வளவு தூரம் போயிட்டு ஆக்ராவும் இல்லை, குதுப்மினாரும் இல்லைன்னா எப்படிங்க?" என்றாள் மனைவி. செங்கோட்டையைப் பார்க்காமல் எனக்கு மற்றது எதுவும் வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் என் பெரியப்பா.

அவர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி 'சலோ தில்லி' என்று முழங்கி, செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்துவோம் என்றார். தோட்டங்களில் இருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெரியப்பாவும் சேர்ந்தார். பர்மா வரை போனார். மலேரியாவோடு ஊர் திரும்பினார். தில்லியை அவர் பார்க்கவே இல்லை.

1979-ல் அலுவலகப் பயிற்சிக்காக நான் ஐந்து நாள் தில்லியில் இருந்தேன். கிடைத்த ஒரே ஓய்வு நாளில் கரோல்பாகில் ஸ்வெட்டர் வாங்கினேன், ஒரு சினிமா பார்த்தேன். ஊருக்கு வந்ததும் பெரியப்பா முதலில் கேட்டது, "தம்பி, கோட்டையைப் பார்த்தியா?" என்பதுதான். "பார்த்தேன் பெரியப்பா, பிரமாதம்" என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. உள்ளே எப்படி இருக்கும், நம்ம ஆட்களை விசாரித்த இடம் எது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலண்டர் படத்தில் பார்த்ததை வைத்து ஏதோ சமாளித்தேன். நான் சொன்னதை அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்த கோட்டை அது. அங்கே புகழ்பெற்ற இரண்டு விசாரணைகள் நடந்தன. 1857 புரட்சி தோற்றதும் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் ஹுமாயூன் கல்லறையில் சரணடைந்தார். 1858-ல் அவருடைய சொந்த திவான்-இ-காஸ் மண்டபத்திலேயே அவரைக் குற்றவாளியாக நிறுத்தினார்கள். பிறகு ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862-ல் அங்கேயே இறந்தார். கோட்டைக்குள் இருந்த அரண்மனைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டு ஆங்கிலேயர் ராணுவக் குடியிருப்புகளைக் கட்டினார்கள்.

1943-ல் நேதாஜி ரங்கூனில் ஜாபரின் கல்லறைக்குப் போய் அஞ்சலி செலுத்தினார். அங்கிருந்து தில்லியை மீட்கப் போவதாகத்தான் கணக்கு. ஆனால் படை இம்பாலோடு நின்றுபோயிற்று. கடைசியில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் செங்கோட்டைக்குக் கைதிகளாகத்தான் வந்தார்கள். 1945 நவம்பரில் விசாரணை தொடங்கியது. புலாபாய் தேசாய் வாதாடினார். நேருவும் பல வருடங்களுக்குப் பிறகு வக்கீல் அங்கி அணிந்து வந்தார். ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஆனால் நாடே கொந்தளித்ததால் 1946 ஜனவரியில் தண்டனையை ரத்து செய்து விடுவித்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் 16 அன்று அதே கோட்டையில் நேரு கொடியேற்றினார். பலர் நினைப்பதுபோல 15 அன்று இல்லை.

ஆகவே என் திட்டம் இதுதான். சனிக்கிழமை காலை செங்கோட்டை. திவான்-இ-காஸ் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பிறகு, பழைய ராணுவக் கட்டடம் ஒன்றில் 2019-ல் திறந்த நேதாஜி அருங்காட்சியகம். மதியம் சாந்தினி சௌக்கில் பராத்தா, ஜிலேபி. இது மனைவியின் நிபந்தனை. மாலை ஜும்மா மசூதி. ஞாயிறு காலை, ஜாபரின் பிள்ளைகளை ஹட்சன் என்ற அதிகாரி சுட்டுக் கொன்ற கூனி தர்வாசா. அங்கிருந்து ஹுமாயூன் கல்லறை. எல்லாம் மெட்ரோவின் வயலட் தடத்தை ஒட்டியே இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கும் சிரமம் குறைவு. திங்கட்கிழமை மட்டும் செங்கோட்டைக்குப் போகாதீர்கள். விடுமுறை.

பெரியப்பா 1986-ல் காலமானார். அவருடைய மகன் ஊரில்தான் இருக்கிறான். என்னைவிட நான்கு வயது சின்னவன். "எங்க அப்பாவுக்காகப் பெரியவன் கோட்டையை அன்னிக்கே போய்ப் பார்த்துட்டு வந்தான்" என்று இன்றைக்கும் சொல்கிறான். திரும்பி வந்ததும் முதலில் அவனிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.