அரிசிம்பருப்பில் இருக்கும் ‘உம்’

தாராபுரம், காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்து வீடுகளில் இராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்டால், ‘அரிசிம்பருப்பு’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். கொங்கு நாட்டைத் தாண்டியதும் இதே பண்டம் ‘பருப்பு சாதம்’ ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியவில்லை. தயிர் சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் என்ற பெயர்களில் சாதம் முன்பே வெந்து தயாராக இருக்கிறது. முன்னால் நிற்கும் சொல் அதில் பிறகு சேர்ந்த பொருளைச் சொல்கிறது. அரிசிம்பருப்பு என்ற பெயரில் சோறும் இல்லை, சாதமும் இல்லை. அடுப்பேறாத அரிசி இருக்கிறது, அடுப்பேறாத பருப்பு இருக்கிறது, நடுவில் இரண்டையும் சமமாகப் பிணைக்கும் ஓர் ‘உம்’ இருக்கிறது. இந்தப் பண்டத்தைச் சமைக்கும் முறை முழுவதும் அந்த ‘உம்’மில் அடங்கியிருக்கிறது என்பதே என் வாதம்.

அது உம்மைதானா என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்கக்கூடும். புளி என்பதோடு பழம் சேர்ந்தால் புளியம்பழம். நம் பக்கத்துப் புளியம்பட்டியும் அப்படித்தான். அதுபோல இதுவும் ‘அம்’ சாரியையாக இருக்கலாமே என்பது நியாயமான ஐயம். ஆனால் சாரியை வரும் இடத்தில் இரண்டாம் சொல் முதற்சொல்லுக்கு உரிமையாகும்: புளியினது பழம், தென்னையினது கீற்று. அரிசியினது பருப்பு என்று ஒரு பொருள் உலகத்தில் இல்லை. மேலும், ‘அரிசியும் பருப்பும் சாதம்’ என்ற முழு வடிவம் இன்றும் வழக்கில் இருக்கிறது. அதில் இரண்டு உம்மையும் தெளிவாக நிற்கின்றன. தினம் புழங்கும் பெயர் வாயில் தேயும்; ‘அரிசியும்’ என்பதில் யகரம் கரைந்து ‘அரிசிம்’ ஆனது, கடைசி உம்மை உதிர்ந்தது. எண்ணும்மை என்றால் இரண்டு இடத்திலும் வர வேண்டுமே என்ற மறுப்புக்கும் இந்த முழு வடிவமே விடை.

உம்மை இணைக்கும் இரண்டு சொற்களும் ஒரே குணம் உடையவை. நெல்லின் உமி நீங்கினால் அரிசி. ஆனால் நெல்லுக்கு மட்டும் உரிய சொல் அல்ல அது. தினையரிசி, சாமையரிசி, கம்பரிசி என்கிறோம், ஏலக்காயின் உள்விதையைக்கூட ஏலரிசி என்கிறோம். பருப்பும் அப்படியே. துவரையின் தோல் நீங்கி உடைந்தால் துவரம்பருப்பு. முந்திரிக்கும் பாதாமுக்கும் அதே சொல். வெள்ளக்கோவில், முத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ‘பருப்பு ஏலம்’ என்றால் அங்கே குவிந்திருப்பது காய்ந்த தேங்காய்ப் பருப்பு. வெளியூரார் கொப்பரை என்பார்கள். ஆக இரண்டு சொல்லும் மேலுறை களைந்த உள்ளீட்டைக் குறிப்பவை. இது சொல்லோடு நிற்கும் ஒற்றுமை அல்ல. தோலோடு இருக்கும் முழுத் துவரையை அரிசியோடு போட்டால் அரிசி குழைந்து கரையும்போதும் துவரை கல்லாகவே கிடக்கும். தோல் நீங்கி இரண்டாகப் பிளந்ததால்தான் பருப்பு அரிசிக்குத் துணையாக ஒரே பானையில் இறங்க முடிகிறது.

சமையலை அருகிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. பிறகு உரித்த சின்ன வெங்காயம் கைநிறைய, தட்டிய பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் தண்ணீர் விட்டு, அது தளதளவென்று கொதிக்கும்போது கழுவி ஊறவைத்த அரிசியையும் பருப்பையும் சேர்த்துப் போடுகிறார்கள். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்பது பொதுவான கணக்கு. பருப்புப் பிரியர்கள் வீட்டில் அது பாதிக்குப் பாதி வரைகூடப் போகும். குக்கர் வருவதற்கு முன், திறந்த பானையில் துவரம்பருப்பு அரிசியைவிட நேரம் பிடிக்கும் என்பதால் பருப்பை முதலில் அரைவேக்காடு ஆக்கி, அதே தண்ணீரில் அரிசியைப் போடுவது உண்டு. இது என் வாதத்துக்கு எதிராகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. முன்பின் எப்படியானாலும் கஞ்சி வடிப்பதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அன்றாடச் சோற்றை வடித்து இறக்கும் நாட்டில், இந்தப் பண்டத்துக்கு மட்டும் தண்ணீர் முழுவதும் உள்ளேயே சுண்ட வேண்டும். ஒன்றின் சாறு மற்றதில் ஏற வேண்டும். தனியாக வடித்த சோற்றில் தனியாக வேகவைத்த பருப்பைப் பிசைந்தால் அதற்குப் பருப்புச் சோறு என்ற பெயர் பொருந்தும். அரிசிம்பருப்பு என்று யாரும் ஒப்ப மாட்டார்கள்.

உலகத்தின் மறுகோடியில் கியூபாவிலும் இப்படி ஒரு வீட்டுச் சமையலும் இப்படி ஒரு பெயரும் இருப்பது இந்த வாதத்துக்குப் பலம். அங்கே பயறு வெந்த தண்ணீரிலேயே அரிசியை வேகவைப்பார்கள். வெங்காயம், பூண்டு, குடைமிளகாயோடு சீரகமும் தாளிப்பில் உண்டு. கறுப்புப் பயறு போட்டால் ‘மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்’, அதாவது மூர்களும் கிறித்தவர்களும். ‘இ’ என்பது நம் உம்மையேதான். கிழக்குக் கியூபாவில் சிவப்புப் பயறு போட்டுச் செய்வது ‘கொங்ரி’. ஹெய்ட்டியில் பயற்றுக்கு வழங்கிய ‘கொங்கோ’வும் அரிசிக்கான பிரெஞ்சுச் சொல் ‘ரி’யும் சேர்ந்த பெயர் அது என்று கியூப அறிஞர் பெர்னாந்தோ ஓர்த்திஸ் விளக்கினார். 1791இல் ஹெய்ட்டியில் அடிமைகளின் புரட்சி வெடித்த பிறகு அங்கிருந்து பலர் கிழக்குக் கியூபாவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது வரலாறு. இதில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு: ஹெய்ட்டியில் இன்று ‘ப்வா கொங்கோ’ என்றால் துவரை. இந்திய மண்ணில் பயிராக வளர்ந்து, ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களின் காலத்தில் கரீபியனுக்குச் சென்ற பயிர் அது. அந்த ‘ரி’யும் நம் அரிசியிலிருந்து போனதுதான் என்று சொல்ல ஆசை எழும். கால்டுவெல் காலத்திலிருந்து அப்படிச் சொல்பவர்கள் உண்டு. அந்த ‘ரி’க்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ஈரானிய வழியைக் காட்டும் அறிஞர்களும் உள்ளதால், அந்த முடிச்சை இங்கே இறுக்கிக் கட்ட நான் விரும்பவில்லை.

கிச்சடியின் மறுபெயர்தானே இது என்பது இன்னொரு மறுப்பு. 14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இபன் பதூதா, அரிசியையும் பயறையும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு உண்பதைக் குறித்திருக்கிறார். அரிசியும் பயறும் ஒன்றாக வேகும் பழக்கம் யாருக்கும் தனியுரிமை இல்லை. ஆனால் கிச்சடிக்கும் வெண்பொங்கலுக்கும் பாசிப்பயறு, இங்கே துவரை. பொங்கல் என்ற பெயர் பொங்குவதிலிருந்து வந்தது. கொங்குப் பெயரோ பானைக்குள் போகும் இரண்டையும் எண்ணிச் சொல்கிறது.

கம்பும் சோளமும் ராகியும் விளைந்த மேட்டுக்காட்டில் அரிசிச் சோறு தினசரி உணவாக எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி இவற்றைவிட வலுவானது. உண்மைதான், மானாவாரிக் காட்டுக் குடும்பங்களுக்கு நெல்லுச் சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் உரியது. ஆனால் தாராபுரத்தில் அமராவதிக் கரையின் பழைய இராஜவாய்க்கால்களில், 1950களில் அணை கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே நெல் விளைந்தது. மேட்டுக்காட்டில் துவரை, ஆற்றங்கரையில் நெல் என்று இரண்டும் ஒரே சந்தைக்கு வந்த ஊர் இது. அரிசி அருமையாக இருந்த காலத்தில்தான் அதைப் பெயரின் தலையில் வைத்து எண்ணிச் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை; தாளிப்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பெயர் அவற்றில் எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இன்று ஸ்பின்னிங் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஷிப்ட் போகிறவர்கள் வீட்டில், வேறு குழம்பு வைக்க நேரமில்லாத நாளில், மூன்று விசிலில் இறங்கி, நெய்யோ தயிரோ ஊறுகாயோ துணையாகக் கொண்டு டிபன் பாக்ஸில் ஏறுவது இதுதான். கூட ஒட்டியிருக்கும் ‘சாதம்’ கடைப்பலகைக்கும் வெளியூராருக்கும் வேண்டியிருக்கலாம். எழுதும்போது ‘அரிசி பருப்பு சாதம்’ என்று திருத்தி உம்மையை விழுங்கிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘அரிசியும்பருப்பு’ என்றோ, பேச்சில் உள்ளபடி ‘அரிசிம்பருப்பு’ என்றோ எழுதலாம், இரண்டும் சரி.