கருவாடும் ஷுட்கியும்: சொல்லில் இல்லாத உப்பு

கொல்கத்தாவின் மீன் சந்தைகளில் உலர்மீனை ஷுட்கி என்பர். வடமொழிச் 'சுஷ்க' (உலர்ந்தது) என்பதன் வழிவந்த சொல் இது. தமிழ்க் கருவாட்டில் 'வாடு' என்னும் வினை வெளிப்படையாகவே நிற்கிறது. இரு சொற்களும் வெயிலையே சுட்டுகின்றன, உப்பைச் சுட்டவில்லை. உப்பிட்டவற்றுக்கோ இரு மொழிகளிலும் தனிப் பெயர் உண்டு: தமிழில் இறைச்சிக்கு உப்புக்கண்டம், வங்காளியில் நோனா இலிஷ். இவ்வேறுபாட்டின் பின்புலத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நற்றிணை 45ஆம் பாடலில், சுறாவை அறுத்து உலர்த்தியதைப் பறவைகள் கவராமல் காக்கும் வாழ்க்கையைத் தோழி கூறுகிறாள். ஆங்கு வரும் சொல் 'உணக்கல்'. மலையாள உணக்கமீனிலும் கன்னட ஒணமீனிலும் அவ்வேர் இன்றும் வாழ்கிறது. தமிழில் அவ்விடத்தைக் கருவாடு பிடித்துக்கொண்டது. பாடல் உப்பைக் குறிப்பிடவில்லை என்பதைக் கொண்டு அன்று உப்பிடவில்லை என முடிவு செய்வது பிழையாகும். பெயர் தொழிலின் ஒரு கூற்றையே காட்டும்.

வங்கத்தில் இப்பெயர் செய்முறைக்கு ஏறத்தாழ முற்றும் பொருந்துகிறது. லோட்டே போன்ற, நீர்மிகுந்த, கொழுப்புக் குறைந்த மீன்களைத் தாடையோடு தாடை கோத்து மூங்கிற் பந்தலில் தொங்கவிடுவர். ஐப்பசி முதல் மாசி வரை வீசும் வறண்ட வாடைக்காற்றே போதும், உப்பு வேண்டுவதில்லை. கொழுப்பு மிகுந்த இலிஷ் அவ்வாறு உலராது, சிக்கெடுத்துவிடும். ஆதலால் அதனைத் துண்டுகளாக்கி உப்பில் புதைக்க வேண்டியுள்ளது.

ஆனால் உப்பு எளிதில் கிடைத்ததா? வங்க உப்பு 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கும்பினியின் தனியுரிமையாயிற்று. சென்னை மாகாணத்தில் 1805இல் அவ்வாறே ஆயிற்று. மீன்வளம் பற்றிய பிரான்சிஸ் டேயின் அறிக்கை 1873இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. உப்பு வரி மீன் பதப்படுத்தும் தொழிலை நசுக்குவதை அவர் எடுத்துக்காட்டினார். பின்னர்ச் சென்னை மாகாணக் கரைகளில் வரியில்லா உப்பு வழங்கும் மீன் உப்பிடு முற்றங்களை அரசு அமைத்தது. மீனவர் தம் மீனை அங்குக் கொண்டுசென்று, அதிகாரிகளின் மேற்பார்வையில் உப்பிட வேண்டும். தன் வீட்டு முற்றத்தில் செய்துவந்த தொழிலுக்கு ஒருவர் அரசின் வேலிக்குள் செல்ல நேர்ந்தது சிறிய மாற்றமன்று. உப்பு வரி 1947இல்தான் நீங்கிற்று.

அதே ஆண்டுப் பிரிவினை ஷுட்கிக்குப் புதிய சமூகப் பொருளைத் தந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த 'பாங்கால்' குடும்பங்களின் அடையாளமாக அது கொல்கத்தாவில் நிலைபெற்றது. 'கோட்டி' எனப்படும் மேற்கு வங்கத்தார் பலர் அதன் மணத்தை வெறுத்தனர். (கருவாடு பொரிப்பதால் வாடகை வீட்டில் எழும் பூசலைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.)

உலர்த்தும் தொழிலிலும் அகதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சுந்தரவனக் கடலோரத்து ஜம்புத்வீபத்தில், சிட்டகாங்கிலிருந்து வந்தோர் பருவந்தோறும் குடில் அமைத்து மீன் உலர்த்தினர். பிகாஸ் ராய்சௌதுரி அவர்களைப் பற்றி எழுதிய நூலை இந்திய மானிடவியல் ஆய்வகம் 1980இல் வெளியிட்டது. வனப் பாதுகாப்பைக் காரணங்காட்டி அத்தீவில் அவர்களுக்கு 2002இல் தடை விதிக்கப்பட்டது. முன்பு உப்பு, பின்னர் உலர்த்தும் மணல். சாகர் தீவு, பிரேசர்கஞ்ச் முதலிய கரைகளில் தொழில் தொடர்கிறது. ஆயினும் அந்நூலில் பதிவான ஜம்புத்வீபக் குடியிருப்பை இனி நேரிற்சென்று ஆராய இயலாது.