கஸ்ஸாலியின் கணவன், சல்மாவின் மனைவி

இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி மறைந்தது 1111இல். சல்மாவின் நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வெளிவந்தது 2004இல். இடையே ஒன்பது நூற்றாண்டுகள் இருந்தும், இருவரும் நுழைவது முஸ்லிம் தம்பதியின் அதே அறைக்குள்தான்.

‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் திருமணப் பகுதியில் கஸ்ஸாலி கூச்சப்படவே இல்லை. கூடலுக்கு முன் இனிய பேச்சும் முத்தமும் வேண்டும் என்கிறார். தன் ஆசை தீர்ந்ததும் கணவன் விலகிவிடக் கூடாது. மனைவிக்கு நிறைவு தாமதித்து வரலாம், காத்திருக்க வேண்டும். கருத்தரிக்காமலிருக்க ‘அஸ்ல்’ (விந்தை வெளியே விடுதல்) செய்வதையும் அனுமதிக்கிறார். பேறுகால ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பது அதற்கு அவர் ஏற்கும் காரணங்களில் ஒன்று. திண்டுக்கல், பழனிப் பக்கத்து ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹப் என்ற சட்ட மரபோ அதற்கு அவள் சம்மதத்தையும் கேட்கிறது. இன்றைய மேடைப் பேச்சாளர்கள் பலருக்கு இந்தத் துணிச்சல் கிடையாது.

ஆனால் அத்தனையும் கணவன் காதில் ஓதியவை. அவன் கேளாவிட்டால்?

அங்கேதான் சல்மா தொடங்குகிறார். துவரங்குறிச்சியில் பள்ளிப் படிப்பு பாதியில் நின்று, வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவர் அவர். அவருடைய நாவலின் பெண்கள் ஒன்றுகூடினால் கேலியும் சிரிப்புமாகப் படுக்கையறைப் பேச்சுத்தான். அந்தப் பேச்சு நடுவீட்டைத் தாண்டுவதில்லை. முதலிரவிலேயே கணவனை வேண்டாம் என்ற ஃபிர்தவ்ஸ், தலாக்காகி வந்த பிறகு தன் ஆசைக்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறாள்.

குளிப்பு எப்போது கடமை, ஹைளு (மாதவிடாய்) எத்தனை நாள் என்பதெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு நுணுக்கமாகச் சொல்லித்தரப்படுகிறது. கூடும்போது வலித்தால், வெள்ளைப்பட்டு அரித்தால் யாரிடம் போவது என்பது பாடத்தில் இல்லை.

சட்டம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டப்படி, திருமணத்தின்போதே இருந்து தொடரும் ஆண்மையின்மை, கடும் பால்வினை நோய், நியாயமான காரணமின்றி மூன்றாண்டு தாம்பத்தியக் கடமை தவறுதல் ஆகியவற்றுக்காக மனைவி விலகலாம். ஆனால் பஞ்சாயத்து முதலில் கூடுவது பள்ளிவாசலை ஒட்டிய ஊர் ஜமாஅத்தில். பல ஊர்களில் அங்கே அவள் உட்கார இடமில்லை, அவளுக்காக அத்தாவோ அண்ணனோ பேச வேண்டும். இந்தப் படுக்கையறைக் குறையை அத்தாவிடம் எந்த மகள் விளக்குவாள்? துவரங்குறிச்சிக்கு அதிகத் தூரமில்லாத புதுக்கோட்டையில் செயற்பாட்டாளர் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தைக் கூட்டியபோது, வழக்கோடு வந்தவளால் தன் வாயாலேயே சொல்ல முடிந்தது.