நாய் கலைச்சதோ பிள்ளை? - ஓட்டமா சைக்கிளா என்ற கேள்விக்குள் ஒரு வரலாறு

போன வருசம் எங்கட விரிவுரைகளை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். முதல் கிழமையே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. படி ஏறி முடிய மூச்சு வாங்கி, வரவு எடுக்கும்போது "ஓம்" சொல்லக்கூடக் குரல் வரவில்லை. வயது இருபத்திரண்டு. பக்கத்தில் இருந்த தோழி சிரித்துப்போட்டு, "நாளைக்கே ஓடத் தொடங்கடி" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "ஓடினா முழங்கால் போயிடும், சைக்கிள்தான் நல்லம்" என்றாள். அன்றைக்கு இடைவேளை முழுக்க இந்த வாக்குவாதம்தான்.

கணக்கை மட்டும் பார்த்தால் விடை லேசு. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்டிய வேகத்தில் ஓடினால் அது ஏறத்தாழப் பத்து மடங்காகும். மணிக்கு 16 முதல் 19 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால் ஏழு மடங்குக்குக் கிட்ட வரும். ஆக, நேரம் குறைந்த ஆளுக்கு ஓட்டம் லாபம். ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் வந்து விழும். சைக்கிளில் பாரத்தைச் சீற் தாங்கிக்கொள்ளும். முழங்கால் நோ உள்ளவர்களுக்குச் சைக்கிள் சுகம். எலும்பு பலப்பட ஓட்டம் நல்லது. உலக சுகாதார நிறுவனம் கேட்பதோ கிழமைக்கு 150 நிமிட மிதமான உடலசைவு, அல்லது 75 நிமிடக் கடும் உடலசைவு. எதைச் செய்தாலும் சரிதான்.

நான் ஓட்டத்தைத் தெரிந்தெடுத்தேன். ஒரு சோடிச் சப்பாத்து இருந்தால் காணும்தானே என்று நினைத்தேன்.

முதல் நாள் விடிய ஐந்தரைக்கு எங்கட ஒழுங்கையால் ஓடினேன். கோயிலுக்குப் பூப் பறித்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா பதறிப்போய்க் கேட்டார், "என்ன பிள்ளை, நாய் கலைச்சதோ?" அவர் பகிடி பண்ணவில்லை. உண்மையாகவே பயந்துதான் கேட்டார். இல்லை ஐயா, சும்மா ஓடுறன் என்றேன். "சும்மாவோ?" என்று திருப்பிக் கேட்டார். அடுத்த நாள் மதகடியில் இருந்த பெடியன்கள் விசிலடித்தார்கள். மூன்றாம் நாள் அம்மாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அதே ஒழுங்கை, அதே நேரம், அதே உடுப்பு. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐயா தலையை ஆட்டிவிட்டுத் தன்பாட்டில் பூப் பறித்தார்.

வரலாறு படிக்கிற எனக்கு இது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. சைக்கிளில் போனால் "எங்கேயோ போறாள்". ஓடினால் மட்டும் ஏன் ஒரு காரணம் சொல்ல வேண்டி வருகிறது?

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "உடற்பயிற்சி செய்தால் இதயத்துக்கு நல்லது" என்பது எங்களுக்கு இப்போது பழமொழி மாதிரி. ஆனால் அது எண்களால் காட்டப்பட்டு நூறு வருசம்கூட ஆகவில்லை. ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார். ஒரே பஸ்ஸில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். சாரதி நாள் முழுக்க இருந்தபடி ஓட்டுவார். கண்டக்டர் ரிக்கற் கொடுக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு இதய நோய் சாரதிகளைவிடக் குறைவாகவே வந்தது. கவனியுங்கள், அந்தக் கண்டக்டர்களில் ஒருவர்கூட அதை உடற்பயிற்சி என்று நினைத்துச் செய்யவில்லை. அது அவர்களுடைய வேலை. வேலைக்காக உடம்பை அசைக்கிற ஆளிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இனி சைக்கிளுக்கு வருவோம். இன்றைக்கு நாங்கள் ஓட்டுகிற வடிவத்துக்கு மூத்த அண்ணன், 1885இல் கொவென்றியில் ஜோன் கெம்ப் ஸ்ராலி செய்த 'றோவர்'. இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவு, பின் சில்லுக்குச் செயின். 1888இல் டன்லொப் காற்றடித்த ரயரைக் கொண்டுவந்தார். உயரமான முன்சில்லில் ஏறி விழுந்து எழும்பும் வீர விளையாட்டாக இருந்தது, சாதாரண ஆட்கள் ஓட்டுகிற வாகனமாக மாறியது. பெண்களும் ஏறினார்கள்.

உடனே பிரச்சினையும் தொடங்கியது. நீளப் பாவாடை செயினுக்குள் சிக்கும் என்று சில பெண்கள் அகலமான காற்சட்டை போட்டார்கள். ஊர் கொதித்தது. சைக்கிள் ஓட்டினால் முகம் இறுகிக் கோணிப்போகும் என்று சொல்லி, அதற்குச் 'சைக்கிள் முகம்' என்று ஒரு நோயின் பெயரையே வைத்தார்கள். மறுபக்கத்தில், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. அந்தனி, உலகத்தில் வேறெதையும்விடப் பெண்களின் விடுதலைக்குச் சைக்கிள்தான் அதிகம் செய்திருக்கிறது என்று 1896இல் ஒரு பேட்டியில் சொன்னார்.

கம்பஸ்காரர்கள் எல்லாருக்கும் நான் சொல்லித் திரிகிற கதை 1897 மே மாதத்தில் நடந்தது. பெண்களுக்கும் பட்டம் கொடுக்கலாமா என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வாக்கெடுப்பு. எதிர்த்த ஆண் மாணவர்கள் ஒரு பெண்ணின் உருவப் பொம்மை செய்து, வீதிக்கு மேலே தொங்கவிட்டார்கள். அந்தப் பொம்மையின் கையில் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அதைச் சைக்கிளில் ஏற்றி வைத்திருந்தார்கள். படிக்க வருகிற பெண் என்றால் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அந்த உருவம்தான். வாக்கெடுப்பில் பெண்கள் தோற்றார்கள். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு முழுமையான பட்டம் கிடைத்தது 1948இல்.

ஓட்டத்தின் கதை இன்னும் இழுபட்டது. 1928 அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். ஒன்பது பேர் இறுதிப் போட்டியில் ஓடினார்கள். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்து எழுதின. ஓட்டம் முடிந்து களைத்துப்போய்ப் புல்லில் விழுகிற ஆண்களைப் பற்றி அப்படி யாரும் எழுதுவதில்லை. விளைவு, 1960 றோம் ஒலிம்பிக் வரைக்கும் பெண்களுக்கு 800 மீற்றர் இல்லை. அதுவரை அவர்களுக்கு இருந்த ஆகக்கூடிய தூரம் 200 மீற்றர்.

அதே நேரம், போட்டிக்காக இல்லாமல் சும்மா ஓடுவது ஆண்களுக்கே புதுசு. 1962இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில், பயிற்றுநர் ஆதர் லிடியாட்டின் தூண்டுதலில், நடுத்தர வயதுக்காரர்கள் சேர்ந்து மெதுவாக ஓடும் கழகம் ஒன்று தொடங்கியது. அங்கே போன அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன், தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த, இதய நோய் வந்து தேறிய ஒருவரோடு ஓட முடியாமல் பின்தங்கிப்போனார். ஊர் திரும்பி 1967இல் மெல்லோட்டம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பின்னாளில் 'நைக்கி' ஆன கம்பனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இவர்தான். அந்தக் காலத்தில் வீதியால் ஓடிய ஆட்களைப் பொலிஸ் மறித்து விசாரித்த செய்திகள் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தன. ஐயா கேட்ட கேள்வியைத்தான் அந்தப் பொலிஸ்காரரும் கேட்டிருக்கிறார்.

பெண்கள் என்றால் கேள்வியோடு நிற்கவில்லை. பொபி கிப் 1966இல் பொஸ்டன் மரதனுக்கு விண்ணப்பித்தார். பெண்களுக்கு அவ்வளவு தூரம் ஓடும் உடல்வாகு இல்லை என்று பதில் வந்தது. அவர் தொடக்க இடத்துக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு சேர்ந்து ஓடி முடித்தார். அடுத்த வருசம் கத்ரின் சுவிற்சர் 261ஆம் இலக்கத்தோடு ஓடும்போது போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த இலக்கத்தைப் பிய்க்கப் பார்த்தார். அந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 1972இல்தான் பொஸ்டன் பெண்களை ஏற்றுக்கொண்டது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல், லொஸ் ஏஞ்சல்ஸில். அதே 1984இல்தான் பெண்களுக்கான சைக்கிளோட்டமும் முதன்முதல் ஒலிம்பிக்குக்கு வந்தது. ஓட்டமும் சைக்கிளும் ஒரே வருசம்தான் அந்த வாசலைத் தாண்டின.

இவ்வளவையும் வாசித்து முடித்த பிறகும் எங்கட ஒழுங்கை எனக்கு விளங்கவில்லை. அங்கே சண்டை பிடித்து வாங்கிய சைக்கிள், யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு எப்படி இவ்வளவு சாதாரணமானது? வெள்ளைச் சட்டையும் பின்னிய தலையுமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் போவது இங்கே யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி.

விடையை அம்மாவிடம் கேட்டேன். போருக்கு முன்பும் பெண்கள் ஓட்டினார்கள்தான். ஆனால் 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு வேறு வழியே இல்லாமல் போனது. பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளைப் பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், அதற்கும் விலை. ரியூசன், ஆஸ்பத்திரி, சந்தை, செத்தவீடு எல்லாவற்றுக்கும் சைக்கிள். பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். அம்மாவின் லுமாலாவை வீட்டில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். "பொம்பிளைப் பிள்ளை சைக்கிள் ஓடலாமோ எண்டு கேக்க ஆருக்கும் நேரம் இருக்கேல்ல" என்றார் அம்மா.

கடலுக்கு அந்தப் பக்கம், அதே காலத்தில், புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிளுக்கு வந்தது வேறு பாதையால். அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் பழகினார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். அங்கே ஒரு இயக்கம் செய்ததை இங்கே தட்டுப்பாடு செய்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒருவரும் கொண்டாடாத விடுதலை. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்துப்போய் ஆம்பிளைகளும் சைக்கிள் தேடித் திரிந்தபோது அம்மா சிரித்தார். அவருக்கு அது புதுசில்லை.

அப்போதுதான், நான் ஓடப் போகிற விசயத்தை ஏன் விரும்பவில்லை என்று கேட்டேன். அம்மா சட்டென்று, "நாங்கள் ஓடினது காணும்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. எங்கட வீட்டில் 'ஓடினது' என்றால் இடம்பெயர்ந்தது. "எண்பத்தேழில ஓடினது", "தொண்ணூத்தஞ்சில ஓடினது" என்றுதான் வருசங்களையே எண்ணுவார்கள். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே றோட்டில். நாவற்குழிப் பாலத்தடியில் அடி வைக்க இடமில்லை. அம்மம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் ஒரு சூட்கேசைக் கொழுவி, மழைக்குள் விடிய விடிய அம்மா அந்த லுமாலாவை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். "ஓடினது எண்டு சொல்லுறம். உண்மையில ஒரு அடி ஓடேல்ல. சைக்கிளிலயும் ஏறேல்ல. உருட்டினது மட்டும்தான்" என்றார். அந்த ஐயாவும் அந்த றோட்டில் வந்திருப்பார். காரணம் இல்லாமல் ஒரு ஆள் ஓடுவதை அவர்கள் தங்கள் வாழ்க்கையில் கண்டதில்லை.

அதனால் ஓட்டமா சைக்கிளா என்று கேட்டால், இப்போது என்னால் கலோரிக் கணக்கில் மட்டும் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கு எது தோதோ அதைச் செய்யுங்கள். ஆனால் உங்களுக்கு எது தோது என்பதை உங்கட முழங்கால் மட்டும் தீர்மானிப்பதில்லை. உங்கட ஒழுங்கை தீர்மானிக்கிறது, மதகடி தீர்மானிக்கிறது, உங்கட அம்மா எந்த றோட்டால் வந்தார் என்பதும் தீர்மானிக்கிறது. சைக்கிளுக்கு எங்கட முந்தின தலைமுறை ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது. ஓட்டத்துக்கு நாங்கள்தான் கொடுக்க வேண்டும் போல. சும்மா ஓடுவது என்றால் என்ன என்று ஊருக்குக் காட்டவாவது நான் ஓட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் ஐந்தரைக்கு நான் சப்பாத்துப் போடும்போது அம்மா சைக்கிளை வெளியில் எடுத்து, ரயரை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முன்னால் ஓட, அம்மா பின்னால் மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தார். மதகடியில் விசில் வரவில்லை. பூப் பறித்துக்கொண்டு நின்ற ஐயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, நீர்தானோ பிள்ளையைக் கலைக்கிறது?"

அம்மா சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஒருக்கா ஆடிப்போய் நின்றது. இப்போது கிழமைக்கு மூன்று நாள் இப்படித்தான் போகிறோம். மூன்றாம் மாடியில் எனக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, ஆனால் "ஓம்" என்று சொல்லக் குரல் வருகிறது.