இணைப்பும் சான்றுரையும்

ஒரு நூலைப் பிற நூலாசிரியர் பலர் மேற்கோள் காட்டுவராயின் அந்நூலுக்குப் பெருமை மிகும் என்பது கற்றோர் மரபு. 1998-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட ‘பேஜ்ரேங்க்’ முறை இம்மரபையே வலைப்பக்கங்களுக்கு ஏற்றியது. ஒரு பக்கம் மற்றொன்றுக்குத் தரும் இணைப்பு, அதற்கு அளிக்கும் சான்றுரையாயிற்று. சான்றளிப்பது சிறந்த பக்கமாயின் அச்சான்றும் எடை மிகுந்தது.

சான்றுக்கு மதிப்பு வந்த இடத்தில் பொய்ச்சான்றும் வருதல் இயல்பே. எவரும் எழுதலாம் எனத் திறந்து வைத்த இடங்களிலெல்லாம் மருந்து விற்போரும் சூதாட்டம் நடத்துவோரும் தம் இணைப்புகளை இயந்திரம் கொண்டு ஒட்டிச் சென்றனர். இதனைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகிய மூன்றும் ‘நோஃபாலோ’ என்னும் குறியை ஏற்றன. இவ்விணைப்புக்குத் தாம் பிணையல்லர், இதனைச் சான்றாகக் கொள்ள வேண்டா எனப் பக்கத்தார் தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு அது. படிப்போர் கண்ணுக்கு அது தெரியாது. இணைப்பும் வழக்கம்போல் திறக்கும்.

முதலில் அதனைத் தன் கட்டுரைகளில் ஏற்காதிருந்த ஆங்கில விக்கிப்பீடியா, 2007 ஜனவரியில் வெளியிணைப்புகள் அனைத்திற்கும் அக்குறியை இட்டது. இங்கேதான் வழக்கு எழுந்தது. உழைத்து ஆய்ந்து எழுதிய ஒரு சிறு பக்கம் அங்கே ஆதாரமாகக் காட்டப்பட்டும், அச்சிறப்பு தேடுபொறியின் கணக்கில் ஏறாது போயிற்று. ஒட்டுவோரோ, படிப்போர் சொடுக்கினாலே போதும் என்று தம் தொழிலை விட்டாரல்லர். ஒருவன் பார்த்தெழுதினான் என்று வகுப்பு முழுவதன் விடைத்தாளையும் திருத்தாது விடும் ஆசிரியர் உண்டோ?

2019 செப்டம்பரில் கூகுள் தன் நிலையைத் தளர்த்தியது. அக்குறி இனிக் கட்டளையன்று, குறிப்பே என்றது; பயனர் எழுதியவற்றுக்கும் விளம்பரத்துக்கும் வேறு குறிகளையும் வகுத்தது. எவ்விணைப்பை எண்ணுவது, எதனைத் தள்ளுவது என்னும் முடிவு அவ்வாறு பக்கத்தார் கையினின்று தேடுபொறியிடம் சென்றது.