கதவுக்கு இந்தப் பக்கம்

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் இன்றும் வழிபாட்டின் நடுவே, விசுவாச அறிக்கை சொல்லத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, தியாக்கோன் ‘கதவுகள்! கதவுகள்!’ என்று குரல் கொடுப்பார். யாரும் ஓடிப்போய் வாசலை மூடுவதில்லை. அவரவர் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். பழைய புரோகிராம்களிலும் இப்படிச் சில வரிகள் இருக்கும். எந்த நிலைமைக்காக எழுதினார்களோ அது இப்போது வருவதே இல்லை. ஆனாலும் அழிக்க ஒருத்தருக்கும் மனசு வராது. தியாக்கோனின் குரல் யாருக்காக எழுந்தது என்று தெரியணும்னா, அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கூடத்தைப் பார்க்க வேண்டும்.

அதன் பெயர் நார்தெக்ஸ். ஆலயத்தின் கிழக்கே பலிபீடம். நடுவில் மக்கள் நிற்கும் பெரிய மண்டபம். அதற்கும் மேற்கே, தெருவுக்கும் மண்டபத்துக்கும் இடையில், குறுக்காக நீண்டு கிடக்கும் கூடம்தான் நார்தெக்ஸ். கிரேக்கத்தில் உயரமாக வளரும் ஒரு செடிக்கும் இதே பெயர். புரோமிதியஸ் தெய்வங்களிடமிருந்து நெருப்பைத் திருடி ஒளித்துக் கொண்டுவந்தது அந்தச் செடியின் தண்டுக்குள்தான். கான்ஸ்டான்டிநோபிளில் 532 முதல் 537 வரை கட்டப்பட்ட ஹாகியா சோஃபியாவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நார்தெக்ஸ்கள். உள்கூடம் மட்டும் சுமார் 60 மீட்டர் நீளம். அங்கிருந்து மண்டபத்துக்குள் போக 9 கதவுகள்.

கதவு இத்தனை இருந்தும் எல்லோரும் உள்ளே போய்விட முடியாது. ஆரம்ப நூற்றாண்டுகளில் திருமுழுக்கு பெற்றவர்களுக்கு மட்டும்தான் நற்கருணைச் சடங்கில் இடம். வேத வாசிப்பும் பிரசங்கமும் முடிந்ததும், திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். காவலுக்கு நிற்பவர்கள் கதவைக் கவனிக்க வேண்டும். ‘கதவுகள்!’ என்ற குரல் அவர்களுக்கானது.

காத்திருந்தவர்கள் புதியவர்கள் மட்டுமில்லை. திருமுழுக்கு பெற்றபின் பெரும் பாவம் செய்தவர்களும் இருந்தார்கள். ஆசியா மைனரில் இவர்களுக்கென்று நான்கு படிகள் உருவாயின. கப்படோசியாவின் ஆயர் பசில், 4ஆம் நூற்றாண்டில், தெரிந்தே செய்த கொலைக்கு விதித்தது 20 ஆண்டுகள். முதல் 4 ஆண்டுகள் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் தனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி அழ வேண்டும். அடுத்த 5 ஆண்டுகள் கேட்போர் வரிசை. இவர்களுக்குரிய இடம்தான் நார்தெக்ஸ். அதன்பின் 7 ஆண்டுகள் மண்டபத்துக்குள் முழங்காலில். கடைசி 4 ஆண்டுகள் எல்லோருடனும் நின்று ஜெபிக்கலாம். அப்பமும் ரசமும் மட்டும் கிடையாது.

இன்றைக்குப் பார்த்தால் கொடுமைதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் கவனிங்க. 4, 5, 7, 4. ஒவ்வொரு படிக்கும் ஒரு முடிவு இருக்கிறது. 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம் இன்னொன்றும் சொன்னது: சாகக் கிடப்பவருக்கு, காலம் மிச்சமிருந்தாலும், நற்கருணையை மறுக்கக் கூடாது. பிழைத்துக்கொண்டால்? ஜெபத்தில் மட்டும் சேர்ந்துகொள்பவர்களின் வரிசைக்குத் திரும்ப வேண்டும். இந்த விதிகளை எழுதியவர்கள் இப்படி ஒரு நிலைமையையும் யோசித்து வைத்திருந்தார்கள்!

இந்தக் கூடத்தில் பேரரசரும் தப்பவில்லை. ஆறாம் லியோ ஆண் வாரிசுக்காக நான்காவது திருமணம் செய்துகொண்டார். மூன்றாம் திருமணத்தையே கண்டித்துச் சட்டம் எழுதியவர் அவர். 906 கிறிஸ்துமஸ் அன்று ஹாகியா சோஃபியாவின் கதவில் தலைமைப் பேராயர் நிக்கோலஸ் அவரைத் தடுத்தார். 907 ஜனவரியில் மறுபடியும் தடுத்தார். லியோ அதிகாரத்தைப் பயன்படுத்தி நிக்கோலஸைப் பதவியிலிருந்து இறக்கினார் என்பது வேறு கதை. ஆனால் பேரரசர் மட்டும் நுழையும் நடுக்கதவுக்கு மேல், நார்தெக்ஸ் பக்கத்தில், ஒரு மொசைக் இருக்கிறது. கிறிஸ்துவின் காலடியில் ஒரு பேரரசர் தரையோடு தரையாக விழுந்து கிடக்கிறார். பெயர் எழுதப்படவில்லை. பல ஆய்வாளர்கள் அது லியோதான் என்கிறார்கள்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். மேற்கு ஐரோப்பாவில் ஆலயத்தின் மேற்கு முனையில் கட்டிய முன்கூடத்துக்குச் சில இடங்களில் ‘கலிலி’ என்று பெயர். டர்ஹாம் பேராலயத்தில் 1170களில் ஆயர் ஹ்யூ, மரியாளுக்கான சிற்றாலயத்தைக் கிழக்கே கட்டத் தொடங்கினார். சுவர்களில் விரிசல் விட்டது. யாரும் அஸ்திவாரத்தைச் சந்தேகப்படவில்லை. அங்கே அடக்கமாகியிருக்கும் புனித கத்பர்ட்டுக்குப் பெண்கள் பக்கத்தில் வருவது பிடிக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். கட்டடம் மேற்கு முனைக்கு இடம் மாறியது. அதுதான் இன்று நாம் பார்க்கும் கலிலி. பெரிய மண்டபத்தின் தரையில், மேற்கு முனைக்கு அருகே, ஒரு கறுப்புக் கல் கோடு பதித்திருந்தார்கள். பெண்கள் அதற்கு அப்பால் போகக் கூடாது.

கொலை செய்தவனுக்கு 20 ஆண்டுகள். பெண்ணுக்கு எத்தனை ஆண்டுகள்? அந்தக் கோட்டுக்குக் கணக்கே கிடையாது. நார்தெக்ஸில் நின்றவரிடம் ‘இப்போது இல்லை’ என்றார்கள். டர்ஹாமில் சொன்னது ‘எப்போதும் இல்லை’. இரண்டு இடத்திலும் நிற்க வைத்தது மேற்குப் பக்கம்தான், மேலே கூரையும் இருந்தது. ஆனால் ஒன்று காத்திருப்பு, மற்றது விலக்கு. டர்ஹாமின் துறவி மடம் 1539இல் கலைக்கப்பட்டது. கோடு இன்னும் தரையில் இருக்கிறது.

கிழக்கே நடந்தது வேறு. கைக்குழந்தைகளுக்கே திருமுழுக்கு கொடுக்கும் வழக்கம் பரவியதும் காத்திருக்க ஆளில்லாமல் போயிற்று. காலியான கூடத்தைத் துறவி மடங்கள் இறந்தவர்களுக்கான ஜெபத்துக்கும், பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கும் எடுத்துக்கொண்டன. பழைய வேலையில் ஒரு சின்ன மிச்சம் மட்டும் நீடிக்கிறது. ஆர்த்தடாக்ஸ் திருமுழுக்கு இன்றும் மரபுப்படி நார்தெக்ஸில்தான் தொடங்கும். குழந்தையைக் கையில் ஏந்திய ஞானப்பெற்றோர் மேற்கே பார்த்துச் சாத்தானைத் துறப்பதாகச் சொல்வார். பிறகு கிழக்கே திரும்புவார். ஒரு காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஆன காரியம், இப்போது சில நிமிடங்கள். குழந்தை அழுதாலும் தூங்கினாலும் கதவு திறந்தேதான் இருக்கும். உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள்.